வெறும் வைட்டமின்தானே!

நான் பி.காம். வீட்டு வரவு செலவைப் பைசா சுத்தமாக எழுதி வைக்கிற ஆசாமி. அப்படிப்பட்ட என் கணக்கே ஒரு தடவை பயங்கரமாக உதைத்துவிட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்த டாக்டர், வைட்டமின் டி குறைச்சல் என்று 60,000 யூனிட் மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். கூடவே தினம் ஒரு கால்ஷியம்.

ரெண்டு மாசத்தில் வலி போச்சோ இல்லையோ, மற்றதெல்லாம் வந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் கேட்கும் தாகம். ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூம். மலச்சிக்கல். சோற்றைக் கண்டாலே குமட்டல். நான் மட்டும் சும்மா இருந்தேனா? 'வெயில்தான் காரணம்' என்று மோர் கொடுத்தேன். சோர்வாக இருக்கிறாளே என்று ராத்திரி ஒரு டம்ளர் பால் எக்ஸ்ட்ரா!

ஒரு நாள் காலையில் அம்மா என்னைப் பார்த்து, "என்னங்க, ஆபீஸுக்கு நேரமாகலையா?" என்றாள்.

அப்பா போய் ஒன்பது வருஷமாச்சு. ஆபீஸ் என்ற இடத்துக்கு நான் போனதே கிடையாது. சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"என்னென்ன மருந்து சாப்பிடறாங்க?"

"மருந்துன்னு எதுவும் இல்லை சார். வெறும் வைட்டமின்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை?"

மனைவிக்குப் போன் போட்டு, கணக்கு நோட்டைப் படிக்கச் சொன்னேன். நாலு மாத்திரை உள்ள அட்டை, ரெண்டு மாசத்தில் பதினாலு. ஆக 56. சாப்பிட வேண்டியதோ 8! 'சத்து மாத்திரைதானே, சீக்கிரம் குணமாகட்டும்' என்று அம்மா தினம் ஒன்று போட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வாங்கி வந்தது யார்? சாட்சாத் நானேதான். ரூபாயைக் கூட்டிய எனக்கு மாத்திரையைக் கூட்டத் தோணவில்லை.

டாக்டர் விளக்கினார். நமக்குத் தினசரி தேவை 600லிருந்து 800 யூனிட்தான். வைட்டமின் சி மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படியில்லை, கொழுப்பில் சேர்ந்து மாசக்கணக்கில் தங்கும். சாப்பாட்டிலிருக்கும் கால்ஷியத்தை அளவுக்கு மீறி ரத்தத்தில் இழுத்துவிடும். விட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. 10.5க்குள் இருக்க வேண்டிய கால்ஷியம் அம்மாவுக்கு 13.4. நான் கொடுத்த பாலும் அதில் பங்குதாரர்!

ரெண்டு மாத்திரையும் உடனே நிறுத்தம். நாலு நாள் சலைன். அப்புறமும் வாராவாரம் ரத்தப் பரிசோதனை.

நீங்களும் கொஞ்சம் கவனியுங்கள். பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டு சிறுநீர் மஞ்சளாகப் போனால் பயமில்லை. ஆனால் புதுசாகத் தாகம், வாந்தி, குழப்பம் வந்தால், சத்து மாத்திரையையும் சந்தேகப்படுங்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள அத்தனை டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பக்கவிளைவைப் புகார் செய்ய 1800-180-3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

நாலாம் நாள் காலை அம்மா கண்ணைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டா, வேலை வெட்டி எதுவும் இல்லாம இங்கேயேவா உட்கார்ந்திருக்கே?"

அப்பாடா! என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.