முதலில் அப்பம்

புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலியில் முழந்தாளிட்டு நாம் எடுக்கும் தீர்மானங்கள் பெரும்பாலும் வீட்டையும் ஆலயத்தையும் சார்ந்தவை. நாள்தோறும் செபமாலை சொல்வோம், சினத்தை அடக்குவோம் என்கிறோம். பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கும் பணியிடம் அவற்றுள் இடம்பெறுவது அரிது. இவ்வாண்டு எங்கள் தீர்மானங்களுள் அது முதலிடம் பெற்றதற்கு ஒரு மாணவியே காரணம்.

நாங்கள் ஐவர் ஒரு கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் பணிபுரிகின்றோம். கல்வி உதவித்தொகை, விடுதி, சான்றிதழ்கள் எதுவாயினும் மாணவர் எங்களிடமே வருவர். சிலர் விண்ணப்பத்தை நீட்டியபடியே தந்தையின் குடியையும் தாயின் நோயையும் சொல்லி அழுவர். கேட்டுவிட்டு அடுத்தவரை அழைப்போம். மதிய உணவு மூன்று மணிக்கு. சில நாள் அதுவும் இல்லை. இதனைத் தியாகம் என்றெண்ணிப் பெருமை கொண்டிருந்தோம்.

கடந்த திசம்பரில் அம்மாணவி வருமானச் சான்று இல்லாமல் வந்தாள். "நாளைக்கு வாம்மா" என்றோம். மறுநாள் வந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்து, வாசலிலேயே சிறிது நேரம் நின்று திரும்பிவிட்டாள். ஓர் அறக்கட்டளை உதவித்தொகைக்கான கடைசி நாள் அது. பின்னர் வினவியபோது, "எல்லாரும் கோபமா இருந்தீங்க சார், பயமா இருந்தது" என்றாள். எங்களிடம் இருந்தவை பசியும் களைப்பும்தான். அவளுக்கு அவ்வேறுபாடு எப்படித் தெரியும்? கட்டணத்தை எங்களுக்குள் திரட்டிச் செலுத்தினோம். ஆயினும் அவள் வாசலில் நின்ற அந்த நேரத்தை எதனால் ஈடுசெய்வது?

பாலைநிலத்தில் சாவை வேண்டிப் படுத்திருந்த எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. முதலில் அப்பமும் தண்ணீரும் தந்தார். மீண்டும் உறங்கியவரை எழுப்பி மறுபடியும் உண்ணச் செய்தார். அதன் பின்னரே ஓரேபு மலை நோக்கிய நாற்பது நாள் நடை. உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரை இயேசுவும் ஓய்வெடுக்க அழைத்தார். ஆனால் மக்கள் தேடி வந்தபோது அவர்கள்மீது பரிவு கொண்டார். ஓய்வு, கதவை அடைக்கும் சாக்கன்று. திருத்தந்தை 13ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலும், வேலையின் தன்மைக்கும் உழைப்பவரின் உடல்நிலைக்கும் ஏற்ப ஓய்வு தரப்பட வேண்டும் என்று வலியுறுத்துகின்றது.

எனவே நான்கு தீர்மானங்கள் செய்தோம். ஒரு மணி முதல் ஒன்றரை வரை ஒன்றாக அமர்ந்து உண்போம். அந்நேரத்தை வாசலில் எழுதி வைப்போம். நோயுற்றவர் குற்றவுணர்வின்றி விடுப்பு எடுக்கட்டும். விடுப்பே எடுக்காதவரைப் புகழ்வதை நிறுத்துவோம். மாணவரின் துயரக் கதையைக் கேட்டவர் அச்சுமையைத் தனியே சுமவாது, பெயர் சொல்லாமல் எங்களுள் ஒருவரிடம் இறக்கி வைக்கட்டும். எவரையும் "நாளைக்கு வா" என்று அனுப்பினால், தேவையான சான்றையும் கடைசி நாளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம்.

கல்லூரி திறந்த முதல் நாள் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தியபோது வரிசையில் சிலர் முணுமுணுத்தனர். ஒன்றரைக்குத் திறந்தோம். அம்மாணவி வேறோர் விண்ணப்பத்தோடு நின்றிருந்தாள். இம்முறை உள்ளே வந்து கேட்டாள்.

ஆண்டு முழுவதும் இதில் நிலைத்திருக்க இறைவன் அருள்வாராக.