அடையாற்றின் தலைமாட்டைத் தேடி

அக்கா மகள் ஆக்ஸ்போர்டில் படிக்கிறாள். காலையில் தேம்ஸ் கரையில் ஓடிவிட்டு அறைக்குத் திரும்பும்போது எனக்குப் போன் செய்வாள். அந்த ஊரில் தேம்ஸுக்கு ஐசிஸ் என்று இன்னொரு பெயர் உண்டு. கல்லூரிப் புல்வெளிகளின் ஓரமாகவே கரைப்பாதை போகிறதாம். நானும் ஓடுகிறவன் என்பதால் எங்கள் பேச்சு பெரும்பாலும் பாதையைப் பற்றித்தான். போன சித்திரையில் ஒருநாள் கேட்டாள்: "மாமா, இங்க ஆறு தொடங்குற எடத்துல ஒரு கல்லு நட்டு வச்சிருக்காங்க. அங்கேருந்து லண்டன் வரைக்கும் கரையோரமாவே நடந்து போயிடலாம். உங்க ஆறு எங்க தொடங்குது?"

"செம்பரம்பாக்கத்துல" என்றேன், யோசிக்காமல்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். நான் இருக்கும் முடிச்சூரோ அதற்கும் மேலே இருக்கிறது. ஆறு எங்களைக் கடந்த பிறகுதான் செம்பரம்பாக்கத்துத் தண்ணீரையே சந்திக்கிறது. அப்படியென்றால் 2015 டிசம்பரில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி வரை நின்ற தண்ணீர் எங்கிருந்து வந்தது? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது உண்மைதான். ஆனால் மழை ஓய்ந்த பிறகும் தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததை மாடியில் நின்று பார்த்தவன் நான். சுவரில் அந்தக் கறை இன்னும் லேசாகத் தெரிகிறது. இத்தனை ஆண்டுகளாகச் செம்பரம்பாக்கத்தைச் சொல்லிச் சொல்லியே, வீட்டுக்குள் வந்த தண்ணீரின் ஊர் எது என்று கேட்காமல் இருந்திருக்கிறேன்.

தேடலை ஓட்டமாகவே செய்வது என்று முடிவெடுத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அடையாற்றின் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் என்று படித்தேன். மாரத்தான் தூரமும் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையிலிருந்து மைதானம் வரை ஓடவைத்த தூரம் அது. 1921-இல் எல்லாருக்கும் பொதுவான கணக்காகிவிட்டது. எங்கள் ஊர் ஆறு ஒரு மாரத்தான் நீளம் என்று தெரிந்த பிறகு எந்த ஓட்டக்காரனால் சும்மா இருக்க முடியும்?

கடலிலிருந்து மேலேறி வந்தேன், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு துண்டாக. கரையோரம் தொடர்ச்சியான பாதை கிடையாது. பாதிக்கு மேல் சாலையில் ஓடி, பாலம் வரும்போதெல்லாம் ஆற்றை எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முகத்துவாரத்தில் 1977-இல் உடைந்த பாலம். அதற்கு உள்ளே, தென்கரையில், 1882-இல் வந்து சேர்ந்த பிரம்மஞான சபையின் தோப்பு. கோட்டூர்புரம் தாண்டினால் கிண்டி பொறியியல் கல்லூரி. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. பக்கத்திலேயே 1959-இல் வந்த ஐ.ஐ.டி. ஆக்ஸ்போர்டைச் சொல்லிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. நமக்கும் கல்விக்கூடங்களை ஒட்டிப் போகிற ஆறு இருக்கிறது. அதன் கரையில் கால் வைக்க இடம்தான் இல்லை.

சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தின் ஓரம் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. 1726-இல் இங்கே முதல் பாலத்தைக் கட்டிய ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கானின் நினைவு அது. பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் செலவில் ஆனதுதான். அங்கிருந்து நந்தம்பாக்கம், மணப்பாக்கம். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலமாகக் கடக்கிறது. அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

திருநீர்மலையில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மலை ஏறினேன். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மேலே இருந்த, கிடந்த, நடந்த கோலங்கள். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்துப் போனார் என்பது தல வரலாறு. சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்டபோது கதையாக இருந்தது. மேலே நின்று சுற்றிலும் பார்த்தபோது, இந்தத் தாழ்ந்த நிலத்தைப் பற்றி ஊர் எழுதிவைத்த குறிப்பு என்றே தோன்றியது. ஊருக்குப் பெயரே நீர்மலை. அதைக் கேட்டுவிட்டும் நாம் அடிவாரத்தைச் சுற்றி வீடு கட்டினோம்.

முடிச்சூர், வரதராஜபுரம் தாண்டி, வெளிவட்டச் சாலைப் பாலத்தின் கீழே நுழைந்து மேற்கே போனதும் குழப்பம் தொடங்கியது. ஒரே ஆறாக இருந்தது பல கால்வாய்களாகப் பிரிந்தது. ஒன்று ஆதனூர்ப் பக்கம் போகிறது, ஒன்று ஒரத்தூர்ப் பக்கம், இன்னொன்று மணிமங்கலத்தை நோக்கி. புத்தகங்களும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரியில் பிறக்கிறது என்கிறது ஒரு கட்சி. ஆதனூர் ஏரிதான் என்கிறது இன்னொன்று.

மணிமங்கலத்துக்கும் போனேன். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று இந்த ஊர். கூரம் செப்பேடு பெயர் சொல்லியே குறிக்கிறது. படை நடந்த நிலத்தை நினைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் மெதுவாக ஓடினேன். ஆற்றின் பிறப்பிடம் என்று காட்ட ஒரு கல்லும் கண்ணில் படவில்லை.

விடை கிடைத்தது ஆதனூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில். வைகாசி வெயில். ஏரி பாதி காய்ந்து கிடந்தது. கரையின் ஒரு முனையில், ஏரி நிறைந்தால் உபரி நீர் வழியும் கலங்கல். நீளமான கருங்கல் திண்ணை போலக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் ஒரு முழ உயரக் கற்கள் பல்வரிசை மாதிரி நடப்பட்டிருந்தன. கற்களுக்கு நடுவே களிமண்ணை அடைத்தால் ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிறுத்தலாம். வெள்ளம் வந்தால் பிரித்துவிடலாம். இந்த வேலைப்பாட்டைப் பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர்கள் வேறு சொல் தேடவில்லை. தங்கள் பாசனப் புத்தகங்களிலும் 'காலிங்குலா' என்றே எழுதிக்கொண்டார்கள்.

பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, அடையாறு இங்கதான் தொடங்குதா?" என்று கேட்டேன்.

"ஆறா? இங்க ஏது தம்பி ஆறு? ஏரி நெறைஞ்சா கலங்கல் போவும். அந்தத் தண்ணி அடுத்த ஏரிக்குப் போவும். அதுவும் நெறைஞ்சா அதுக்கடுத்தது. எல்லாம் நெறைஞ்சி, இனிமே எங்களுக்கு வேணாம்னு போவுது பாரு, அதுக்குத்தான் உங்க ஊர்ல ஆறுன்னு பேரு."

அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடையாற்றுக்கு மலையில் ஊற்று கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றுக்கொன்று தண்ணீர் கொடுத்து, மிஞ்சியதை அனுப்பி உண்டான ஆறு இது. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொன்னது சும்மா இல்லை. எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீரின் ஊரும் தெரிந்துவிட்டது: ஆதனூர், மண்ணிவாக்கம், ஒரத்தூர். கூடவே பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, இரும்புலியூர் ஏரிகளின் உபரியும் முடிச்சூர் வழியாகத்தான் ஆற்றுக்கு வருகிறது. வரும் வழியில் இருந்த வயல்கள் மனைகளாகி, கால்வாய்கள் சாக்கடை அளவுக்குச் சுருங்கிவிட்டன. என் வீடும் அப்படியொரு வயலில் எழுந்ததுதான்.

2015-க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரையை உயர்த்தினார்கள். ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் அமைக்கும் வேலையும் நடந்தது. நல்லதுதான். ஆனால் ஆற்றுக்குச் செய்கிற செலவில் ஒரு பங்காவது ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஓடும் சின்னக் கால்வாய்க்குப் போக வேண்டும். ஆற்றின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கார்த்திகை தொடக்கத்தில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, விடியும் முன்பே அதே கலங்கலுக்கு ஓடினேன். கற்களுக்கு நடுவே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சத்தம் பெரிதாக இல்லை. நான்கைந்து கொக்குகள் கீழே மீனுக்குக் காத்திருந்தன. கையை நீட்டி அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். அப்படியே அக்கா மகளுக்கு வீடியோ அழைப்பு போட்டுக் காட்டினேன். அங்கே நடுராத்திரி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எங்க கல்லு பக்கத்துல பல மாசம் தண்ணியே இருக்காதாம் மாமா" என்றாள்.

தாம்பரம், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம், படப்பை பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து கிளம்பும் கால்வாய் எதுவரை திறந்திருக்கிறது என்று கூடவே நடந்து பாருங்கள். அடைபட்ட இடத்தைப் படம் எடுத்து, தெருக்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டு மனுவாகக் கொடுங்கள். எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.