தேறிய வண்டியும் தேறாத வண்டியும்

பழைய ‘ட்ரெயில்’ மோட்டார் சைக்கிள் ஒன்றை நம்பி வாங்கலாமா, அஃது ஆண்டுதோறும் சோதனையில் தேறுமா என்று எம்மை வினவும் இளம் ஆசிரியர்களின் தொகை அண்மைக் காலத்திற் பெருகிவிட்டது. காரணம் வெளிப்படையானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை மீளத் திறக்கப்படவில்லை. இடையிலே ரூபாய் வீழ்ந்தது, விலைகள் ஏறின, புதிய வண்டி ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாத பொருளாயிற்று. பஸ் நாளுக்கு இருமுறை மட்டும் வந்துபோகும் வன்னிக் கிராமமொன்றிலே நியமனம் பெற்றவர் எதிலே பாடசாலைக்குப் போவது? ஆகவே, முப்பது நாற்பது ஆண்டுப் பழமையுள்ள வண்டிகள் கொட்டில்களிலிருந்து மீண்டும் வெளியே வந்தன. அவ்வகை வண்டியொன்று 2010ஆம் ஆண்டு முதல் எம்மிடம் இருந்துவருதலால், கேள்வியும் எம்மை நாடி வருகின்றது.

விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேறும். எமது வண்டி ஒவ்வோராண்டும் தேறியே வந்துள்ளது. ஆயின் அந்தத் தேர்ச்சியைக் கண்டு நாம் மகிழ்வதற்கில்லை. ஏன் என்பதைச் சற்று விரித்துரைத்தல் அவசியமாகின்றது.

ட்ரெயில் வண்டி என்பது தார் போட்ட வீதிக்காகப் பிறந்ததன்று. மேடுபள்ளங்களைத் தாங்கும் நீண்ட முன்கவர், தரையிலிருந்து உயர்ந்த எஞ்சின், சேறு அடையாதபடி மேலே தூக்கிய மட்காட், காட்டுப் பாதையைப் பற்றிக்கொள்ளும் முரட்டு ரயர் ஆகியவை அதன் அடையாளங்கள். 1968இல் யமஹா நிறுவனம் டி.ரி.-1 என்னும் வண்டியை அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பியதோடு இவ்வகை பெரும்புகழ் பெற்றது. சில ஆண்டுகளில் ஹொண்டாவும் எக்ஸ்.எல். வரிசையில் நான்கு அடிப்பு எஞ்சினுடன் களமிறங்கிற்று. வாரவிடுமுறையிற் பாலைவனத்தைக் கிழித்தோடி மகிழ விரும்பிய இளைஞர்களே அவர்தம் வாடிக்கையாளர். அதே வண்டி எமது நாட்டுக்கு வந்தபோது விவசாய உத்தியோகத்தரதும், குடும்பநல ஊழியரதும், ஆசிரியரதும் உழைப்புக் கருவியாயிற்று. ஒருவர் விளையாட்டுக்காகத் தேடிப்போகும் பாதை இன்னொருவருக்கு நாளாந்தம் வேலைக்குச் செல்லும் வழியாக இருக்கின்றது.

இனிச் சோதனைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பஸ், லொறி போன்றவை தகுதிச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். தனியார் மோட்டார் சைக்கிளுக்கு அந்த விதி இல்லை. அதற்குள்ள ஆண்டுச் சோதனை புகைப் பரிசோதனை ஒன்றே. 2008இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய அந்தப் பரிசோதனையின் சான்றிதழ் இன்றேல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சரின் வாயிலே குழாயொன்றைச் செருகி, வெளிவரும் வாயுவிற் காபனோரொட்சைட்டு எவ்வளவு, எரியாத ஐதரோகாபன் எவ்வளவு என்று கருவி அளக்கின்றது. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பரிசோதகர் வண்டியின் பிரேக்கைத் தொடுவதில்லை. ரயரைக் குனிந்து பார்ப்பதில்லை. விளக்கைப் போட்டுக் காட்டும்படி கேட்பதில்லை. அவரைக் குறைகூற முடியாது. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை அது அன்று.

புகையை அளப்பது வீண் என்று நாம் வாதிடவில்லை. நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு உடலை எவ்வாறு தாக்கும் என்பதை விஞ்ஞான ஆசிரியர்கள் அறிவர். நகரத்துப் பிள்ளைகளின் சுவாசப்பைக்காக இந்தச் சட்டம் வந்தது நன்றே. ஆயின் கணிதத்தில் மட்டும் பரீட்சை வைத்து, அதில் தேறியவனுக்குச் சகல பாடங்களிலும் தேறியவன் என்று பத்திரம் வழங்கும் பாடசாலையை நாம் என்னவென்போம்? பத்திரத்தில் அவ்வாறு எழுதப்படவில்லை என்பது உண்மை. எனினும் மக்கள் அதனை அவ்வாறே வாசிக்கின்றனர். “வண்டி பாஸ்” என்பதுதான் ஊர்ப்பேச்சு.

எமது வண்டி ஏன் தேறுகின்றது? அதன் வரலாறு நல்வரலாறு அன்று. 1980களின் முற்பகுதியில் ஜப்பானில் உருவான 125 சி.சி. வண்டி அது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கிற் பெற்றோல் காண்பதரிதாயிற்று. அந்நாளில் ஏனைய வண்டிகள் போலவே இதுவும் மண்ணெண்ணெயில் ஓடிற்று. சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயிற் பீய்ச்சி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் விடுவார்கள். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் வால்விலும் பிஸ்டனிலும் கரியாய்ப் படிந்தது. எஞ்சியது ஒயிலிலே கலந்து அதனை நீர்க்கச் செய்தது. முன்னைய சொந்தக்காரர் சிலிண்டரை இருமுறை கடைந்து, பெரிய பிஸ்டன் இட்ட பின்னரே வண்டி எம்மிடம் வந்தது. இத்தனைக்கும் பின் அது தேறுகின்றதென்றால், நான்கு அடிப்பு எஞ்சினின் எளிமையே காரணம் எனலாம். சீரான பிஸ்டன் வளையங்கள், சரியாக அமர்ந்த வால்வுகள், நல்ல பிளக், துப்புரவான காற்று வடிகட்டி ஆகிய நான்கும் இருந்தால், மெதுவோட்டத்தில் அதன் புகை எல்லைக்குள் நின்றுவிடும். ஒயிலைப் பெற்றோலோடு சேர்த்தே எரிக்கும் இரண்டு அடிப்பு வண்டிக்கு இது அத்துணை எளிதன்று. அதன் எஞ்சினில் எரியாத கலவையின் ஒரு பங்கு நேரே சைலன்சருக்குள் நழுவிவிடும். ஆகவே எம்மைக் கேட்பவர்களுக்கு நான்கு அடிப்பையே வாங்கும்படி சொல்கின்றோம்.

வன்னியில் இச்சோதனையின் முதற்பகை புழுதியாகும். கிரவல் பாதையின் செம்புழுதி வடிகட்டியை அடைத்துவிடக் காற்றுக் குறைந்து, பெற்றோல் மிகுந்து, காபனோரொட்சைட்டின் அளவு ஏறும். வடிகட்டியைக் கழுவி உலர்த்தி, ஒயில் தடவிப் போட்டால் அளவு இறங்கும். இது நேர்மையான வழி. இன்னொரு வழியும் ஊரிலே உண்டு. சோதனைக்கு முன் காபரேற்றரின் சிறு திருகாணியைத் திருப்பிக் கலவையை நலிவாக்குவார்கள். சான்றிதழ் கிடைத்த மறுநாள் பழையபடி திருப்பிவிடுவார்கள். வேடிக்கை இன்னும் உண்டு. துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சருக்குள் வெளிக்காற்றுப் புகுந்து வாயுவோடு கலந்தால், கருவி குறைந்த அளவையே காட்டும். கசிவு உள்ளதா என்று கவனியாதவிடத்து, பழுதான வண்டி பழுதற்ற வண்டியிலும் மேலான புள்ளி பெறவும் கூடும்!

எமது வண்டியைத் திருத்திவரும் இளைஞர் பாடசாலையை இடையிலே விட்டவர். யுத்தத்துக்குப் பின் மாமரத்தின் கீழ் நான்கு தகரத்தோடு கராஜ் தொடங்கியவர். ஒருமுறை சான்றிதழைப் பெருமிதத்தோடு அவரிடம் நாம் காட்டியபோது அவர் சிரித்தார். “மாஸ்ரர், உவங்கள் புகையைத்தான் பாக்கிறாங்கள். பிரேக்கை ஆர் பாக்கிறது?” என்றார். “நீர்தான் பார்க்கிறீரே, தம்பி” என்றோம். “நான் பாக்கிறது எந்தப் பேப்பரிலை கிடக்கு?” என்று கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் கேட்டதன் பொருள் அடுத்த மாரியிலே எமக்கு விளங்கிற்று. அயற் பாடசாலையிற் கணிதம் கற்பித்த இளம் ஆசிரியர் ஒருவர் குளக்கட்டு வழியே இறங்கி வருகையில், முன் பிரேக்கின் கேபிள் அறுந்தது. பின் பிரேக்கின் சப்பாத்து ஏற்கெனவே தேய்ந்திருந்தது. கால் இரண்டிடத்தில் முறிந்து, ஒரு தவணைக்கு மேல் படுக்கையிற் கிடந்தார். பதில் ஆசிரியர் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிய வகுப்பு அந்தத் தவணை முழுவதும் கணிதம் இன்றி இருந்தது. அவருடைய வண்டியின் புகைச் சான்றிதழ் பெறப்பட்டு ஆறு வாரங்களே ஆகியிருந்தன. பிரேக் கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. கைப்பிடியருகே, வளையும் இடத்தில், உட்கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து மாதக் கணக்கிற் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை நோக்கி ஒருவர் குனிந்திருந்தாற் போதும்.

இத்தருணத்தில் எமது பழைய மாணவர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்திலே பண்டகசாலையொன்றில் வேலைசெய்யும் அவரிடமும் 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்த ட்ரெயில் வண்டியொன்று உண்டு. எமது வண்டி தேறிய செய்தியை எழுதியதற்குப் பதிலாக, தம் வண்டியின் பரிசோதனை வரலாற்றை அவர் எமக்கு அனுப்பிவைத்தார். அந்நாட்டில் வண்டியின் பதிவிலக்கத்தைக் கொண்டு அதன் கடந்தகாலப் பெறுபேறுகளை எவரும் பார்க்க முடியும். பன்னிரண்டு ஆண்டுகளில் அவ்வண்டி மூன்றுமுறை தவறியிருந்தது. ஒருமுறை பின் பிரேக்கை மிதிக்கையிற் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒருமுறை கைப்பிடித் தண்டின் போல்பெயரிங் தேய்ந்து, திருப்பும்போது இடையிலே தடைப்பட்டது. ஒருமுறை முன்கவரின் ஒயில் கசிந்தது. தேறிய ஆண்டுகளிலும் செயின் தளர்வு, ரயர் தேய்வு என்று எச்சரிக்கைக் குறிப்புகள் இருந்தன.

அந்தச் சோதனை பிரித்தானியத் தொழிலாளரின் மேற்கொண்ட அன்பினாற் பிறந்ததன்று. 1956ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. 1960இல், எர்னெஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தில் அது நடைமுறைக்கு வந்தது. முதலிற் பத்தாண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கே அது விதிக்கப்பட்டது. தவறிய வாகனங்களின் தொகை எதிர்பாராத அளவினதாக இருக்கவே, வயதெல்லை விரைவில் ஏழாகவும், 1967இல் மூன்றாகவும் குறைக்கப்பட்டது. இன்று அங்கே மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பார்க்கின்றனர். சக்கரப் பெயரிங், பின்கவரின் அச்சு, செயின், சட்டகம் யாவும் சோதிக்கப்படுகின்றன. ஒரு பிரேக் 30 வீதத் திறனும் மற்றது 25 வீதத் திறனும் காட்டுதல் வேண்டும். ரயரின் அகலத்தில் முக்காற் பங்குக்கு ஒரு மில்லிமீற்றர் ஆழத் தடம் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதற்றடவை தவறுகின்றது. விளக்குகளே பெரும்பாலும் காலை வாரிவிடுகின்றன. விளக்கே பொருத்தாத காட்டு வண்டிகளைப் பகலில் மட்டும் ஓட்டுவதற்கும் அங்கே இடமுண்டு.

மாணவரின் கடிதத்தில் எம்மைத் திகைக்கவைத்த செய்தி வேறொன்று. அங்கே மோட்டார் சைக்கிளின் புகை கருவியால் அளக்கப்படுவதில்லை. நாம் அளப்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். அவர்கள் அளப்பதை நாம் விட்டுவிட்டோம். எமது வண்டியை அங்கே கொண்டுபோனால் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தோம். அதன் முன்விளக்கு, அந்நாளைய ஆறு வோல்ற் விளக்கு. எஞ்சின் மெதுவாகும்போது மின்மினியாகிவிடும். யானை கடக்கும் வீதியில் அந்த வெளிச்சத்தை நம்பி இரவிற் செல்வது எத்தகையதென்பதை அவ்வழி சென்றோரே அறிவர். பன்னிரண்டில் மூன்றுமுறை தவறிய வண்டியிலே செல்பவர், ஒருமுறையேனும் தவறாத வண்டியிலே செல்லும் எம்மிலும் பத்திரமாக வீடு சேர்கின்றார்.

இதனைக் கூறியபோது எமது நண்பரான தொழிற்சங்க ஊழியர் ஒருவர் கடுமையாக மறுத்தார். சோதனை கூடினால் அடி விழுவது ஏழைக்கே என்பது அவர் வாதம். புதிய கார் வைத்திருப்பவர் தேறிவிடுவார். மீன்பெட்டி கட்டி ஓடுபவரும் பால்கான் கட்டி ஓடுபவரும் தவறுவர். அன்றோடு அவர்களின் பிழைப்பும் நின்றுவிடும் என்றார். இந்த மறுப்பை நாம் எளிதில் ஒதுக்க மாட்டோம். பிரேக் சப்பாத்தையும் செயினையும் மாற்றுவது கூலித் தொழிலாளிக்குப் பல நாட் சம்பளம். ஆயின் தேய்ந்த பிரேக்கோடு வீதிக்குச் செல்லும் உரிமையை ஏழையின் சலுகையாக வழங்கும் சமுதாயம், மருத்துவச் செலவையும் அவன் தலையிலேயே கட்டிவிடுகின்றது என்பதை நண்பர் மறந்துவிட்டார். ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் இறக்கின்ற நாடு இது. இங்குள்ள வாகனங்களிற் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள்.

வேறு வழி இல்லாமலில்லை. இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் சோதனைக்கு 29 பவுண் 65 பென்ஸுக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் எல்லை வகுத்திருக்கின்றது. தவறிய வண்டியை அதே இடத்தில் விட்டுத் திருத்தினால், பத்து வேலை நாட்களுக்குள் மறுசோதனை இலவசம். எமது தொழினுட்பக் கல்லூரிகளில் மோட்டார்ப் பொறிமுறை பயிலும் மாணவர்களுக்குப் பயிற்சிக்கு வண்டிகள் வேண்டும். கிராமத்து வண்டிகளுக்குக் குனிந்து பார்க்கும் கண்கள் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே முற்றத்திற் சேர்ப்பதற்குப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. கட்டணத்தைக் குறைவாக வைத்து, பிரேக், ரயர், கைப்பிடி, விளக்கு ஆகிய நான்கை மட்டுமேனும் புகையோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கலாம். தவறிய வண்டிக்குத் தடையைவிடத் தவணை கொடுப்பதே முறை. இவ்விடயத்தில் நண்பரும் எம்மோடு உடன்பட்டார்; ஆனால் கட்டணத்தை எவர் செலுத்துவது என்பதில் இன்றும் எமக்கிடையே வாதம் தீரவில்லை.

மாமரத்துக் கராஜில் இப்பொழுது ஓர் அப்பியாசக் கொப்பி தொங்குகின்றது. வண்டி எண், முன் பிரேக், பின் பிரேக், ரயர், செயின், விளக்கு, திகதி என்று நாம் கோடு போட்டுக் கொடுத்தோம். நிரப்புபவர் அந்த இளைஞர். புகைச் சோதனைக்காக வடிகட்டி கழுவ வரும் ஒவ்வொரு வண்டியையும், காசு வாங்காமல், அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்து எழுதுகின்றார். சென்ற மாதம் வரை முப்பத்தேழு வண்டிகள் அதிற் பதிவாகியிருந்தன. பதினொன்றில் முன் பிரேக் கேபிளின் இழைகள் அறுந்திருந்தன. அந்தப் பதினொன்றும் அவ்வாண்டுக்குரிய புகைச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டன. ஒன்பது வண்டிகளுக்குப் புதிய கேபிள் போடப்பட்டுவிட்டது. எஞ்சிய இரண்டின் சொந்தக்காரர்களும் நெல் விற்றபின் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்கள்.