வலைக்கும் வாணலிக்கும் நடுவில்

அச்சரப்பாக்கத்தில் மீன் வாங்க வருபவர்கள் கூடைக்கு முன்னால் குனிந்ததும் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஏரி மீனா, கடல் மீனா? எப்ப வந்தது? ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய இந்த ஊருக்கு மதுராந்தகம் ஏரி பக்கம். கடல் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கெண்டையும் விராலும் அக்கம்பக்கத்துச் சரக்கு. சங்கராவும் வஞ்சிரமும் ஐஸ் பெட்டியில் ஏறி வந்தவை. அதனால்தான் இங்கே வாங்குபவரின் விரல் முதலில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறது. சிவப்பாக இருந்தால் பேரம் தொடங்கும். பழுப்பேறியிருந்தால் அடுத்த கூடை.

கரையோர உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு அந்த 30 கிலோமீட்டர்தான் பதில். கடல் காற்றும் அலைச் சத்தமும் கூடுதல் சுகம். மீன் தரையேறிய நேரத்துக்கும் தட்டுக்கு வந்த நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, அதில் யார் யாருடைய கை பட்டது என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது. அந்தக் கைகளைப் பார்ப்பதற்காகவே அச்சரப்பாக்கத்திலிருந்து கிழக்கே புறப்பட்டேன்.

செய்யூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் வழி பிரிகிறது. வலப்பக்கம் போனால் கடப்பாக்கமும் ஆலம்பரைக் கோட்டையும். இடப்பக்கம் ஓதியூர்க் கழி, முதலியார்குப்பத்துப் படகுத்துறை, கூவத்தூர், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம். கடலுக்கும் கழிக்கும் இடையில் நீளவாக்கில் கிடக்கும் இந்த நிலம்தான் இடைக்கழிநாடு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணர் குடும்பத்துக்கு அவர் வழி சொல்கிறார். அதில் முதலில் வரும் சாப்பாடு கடற்கரைச் சாப்பாடு. எயிற்பட்டினத்துப் பரதவர் வழிப்போக்கருக்குச் சுட்ட உலர்ந்த குழல் மீனும், நுளையர் வீட்டுப் பெண் வடித்த தேறலும் தருகிறார்கள். அடுப்பில் எரிவது அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரம். எயிற்பட்டினம் இந்தக் கரையோரத்தில்தான் இருந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. மரக்காணத்தைச் சுட்டுவோரும் உண்டு. என்ன மீன், எந்த விறகு, யார் சமைத்தது, யார் பரிமாறியது என்று நான்கையும் புலவர் விடாமல் சொல்லியிருக்கிறார். இன்றைய உணவக அட்டைகளில் மீனின் பெயரும் விலையும் மட்டுமே இருக்கின்றன.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பம். ஒத்தவாடைத் தெரு வழியாக இறங்கினால் ஒரு பக்கம் தங்கும் விடுதிகளும் உணவகங்களும், மறுபக்கம் மணலில் ஏற்றிவைத்த படகுகளும். இங்கே பெரிய துறைமுகம் கிடையாது. படகை அலைக்குள் தள்ளுவதும் திரும்ப மணலில் ஏற்றுவதும் தினமும் உடம்பு வலுவால் நடக்கும் வேலை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணத்தில் ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரம் அரிதாகிவிட்டது. ஆனால் வேலையின் வரிசை மாறவில்லை. இருட்டோடு போனவர்கள் வெயில் ஏறுவதற்குள் கரை திரும்புகிறார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணில் படாத அந்தப் பெரிய உழைப்பு தொடங்குகிறது: வலையிலிருந்து மீனைக் கழற்றுவது.

செவுள் வலையில் மாட்டிய மீனை இழுத்தால் செவுள் கிழியும், தோல் உரியும். ஒவ்வொன்றாக, வந்த திசையிலேயே திருப்பி எடுக்க வேண்டும். நண்டு இன்னும் படுத்தும். கொடுக்கும் கால்களும் கண்ணிகளில் பின்னிக் கிடக்கும். அவசரப்பட்டால் கால் முறியும்; முறிந்த நண்டுக்கு ஏலத்தில் விலை இறங்கும். உணவகத்தில் முழு நண்டு ஒன்று தட்டு நிறைய வந்து இறங்குகிறது என்றால், அதற்கு முன் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருவர் அதன் கால்களை ஒவ்வொன்றாக நூலிலிருந்து விடுவித்திருக்கிறார் என்று பொருள்.

கழற்றிய மீன் கூறு கூறாகப் பிரிகிறது. ஏலம் நின்றவாக்கில், சில நிமிஷத்தில் முடிகிறது. தலைச்சுமையாகவோ ஷேர் ஆட்டோவிலோ உள்ளூர்களுக்குக் கொண்டுபோகும் பெண்களும், மொத்த வியாபாரிகளும், உணவகத்துக்காரர்களும் ஒரே குவியலுக்குக் கேட்கிறார்கள். விற்ற பணத்தில் எரிபொருள் செலவு கழியும், படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு போகும், மிச்சம் போனவர்களுக்குள் பிரியும். கூலி கிடையாது, பங்குதான். மீன் படாத நாளில் நஷ்டத்துக்கும் அதே பங்கு.

உணவகத்துக்காக வாங்குபவரின் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. வீட்டுக்கு வாங்குபவர் குழம்பை நினைத்து வாங்குவார். இவர் நெருப்பை நினைத்து வாங்குகிறார். முழுசாகச் சுடுவதற்குச் சங்கரா, பாறை. துண்டு போட்டுத் தோசைக்கல்லில் வறுக்க வஞ்சிரம். மெல்லிய நெருப்பில் வேகவைக்க வவ்வால். பொரித்துத் தட்டில் குவிக்க நெத்திலி. கண் குழி விழாமல் பிதுங்கி நிற்கிறதா, வயிற்றுப் பக்கம் விரல் அழுத்தினால் பள்ளம் மீண்டு வருகிறதா என்று பார்ப்பது நொடிப்பொழுதில் முடிந்துவிடுகிறது. தேர்ந்தெடுத்ததும் உடனே ஐஸ். வெப்ப நாட்டில் மீனும் ஐஸும் எடைக்கு எடை இருக்க வேண்டும் என்பது மீன்வளத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இதில் சிக்கனம் பார்த்தால் ஆபத்து. சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்களை வெயிலில் போட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் சேரும். பிறகு எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். சமையல்காரர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் காலையில் நடந்த தவறை மாலையில் திருத்த முடியாது.

அடுத்தது வெட்டும் இடம். அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாலிலிருந்து தலைப் பக்கமாகச் செதிலைச் சுரண்டுகிறார்கள். செவுளையும் குடலையும் ஒரே இழுப்பில், பித்தப்பை உடையாமல் எடுக்கிறார்கள். பித்தம் பட்டால் அந்தத் துண்டு கசக்கும். வஞ்சிரத்தை எந்தக் கனத்துக்குத் துண்டு போடுவது என்பது இவர்கள் கையில்தான் இருக்கிறது. தலைப் பக்கமும் வால் பக்கமும் ஒரே கனத்தில் இருந்தால்தான் தோசைக்கல்லில் ஒரே நேரத்தில் வேகும். உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் மணிக்கணக்கில் ஊறிய விரல்கள், முள் குத்திய தழும்புகள், நாள் முழுக்கக் குனிந்த முதுகு: உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு சமையல்காரரைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறவர்கள் இந்தப் பெண்களைப் பார்ப்பதே இல்லை. சமையலறைப் பாராட்டில் இவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மாலை விளக்கு ஏற்றும் நேரத்தில் உணவக வாசலில் தட்டு வைக்கிறார்கள். ஐஸ் பரப்பி அதன்மேல் மீன், புலி இறால், கணவாய், சிங்கி இறால். வருபவர் கை காட்டியதை எடுத்து எடை போட்டு, விலை சொல்லி, சுடவா, வறுக்கவா, மசாலாவா, பூண்டு வெண்ணெயா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். மார்கழி, தையில் வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் அதிகம். அவர்களுக்காகவே காரம் குறைந்த, வெண்ணெயும் பூண்டும் சேர்ந்த பாணி இங்கே வளர்ந்தது. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வரும் குடும்பங்களுக்கு மிளகாயும் மிளகும் வேண்டும். ஒரே அடுப்பில் இரண்டு நாக்குக்கும் சமைக்கிறார்கள்.

உள்ளே மாஸ்டரின் வேலை பெரும்பாலும் நேரத்தைக் கணிப்பதுதான். மீனின் தசை ஆட்டிறைச்சி போலக் கெட்டியான இணைப்புத் திசு கொண்டதல்ல. குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும், கொஞ்சம் தாண்டினால் சாறு வடிந்து சக்கையாகிவிடும். கணவாய் அதைவிடப் பிடிவாதம். ஒன்று, பெரிய நெருப்பில் இரண்டு புரட்டில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் சிறு தீயில் நெடுநேரம் வேகவிட வேண்டும். நடுவில் எடுத்தால் ரப்பர். முழு மீனைச் சுடும்போது சதையில் கத்தியால் சாய்வாகக் கீறுவது மசாலா இறங்குவதற்காக மட்டுமல்ல. முதுகின் கனத்த பகுதியும் வயிற்றின் மெல்லிய பகுதியும் ஒன்றாக வேக வேண்டும். எலுமிச்சையோ புளியோ சேர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. மீன் வாடையைத் தரும் அமீன்களைப் புளிப்பு கட்டிப்போட்டுவிடும். நான் நின்று பார்த்த சமையலறையில் கடிகாரம் இல்லை. எண்ணெயின் சத்தம் தணிவதையும், கரண்டி நுனியில் சதை முள்ளை விட்டு நழுவுவதையும் வைத்தே முடிவு செய்தார்கள். அங்கே தமிழோடு இந்தியும் நேபாளியும் கேட்டன. இந்தக் கரையின் ருசியை இன்று காப்பாற்றுகிறவர்களில் கடலே இல்லாத ஊர்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாளாயிற்று. விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் துறைமுகங்களில் கட்டிக் கிடக்கும். பெரிய சந்தைகளில் வரத்து சுருங்கி விலை ஏறும். கரையோரத்தில் போய்வரும் சிறு படகுகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதால், அந்த இரண்டு மாதமும் குப்பத்து மீனுக்குத்தான் மவுசு. குப்பத்தை நம்பிய உணவகம் சமாளிக்கிறது. வெளியூர் லாரியை நம்பிய உணவகம் குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிறது. இரண்டு இடத்திலும் பலகையில் எழுதியிருப்பது ஒரே வஞ்சிரம்தான்.

சிங்கி இறாலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வாசல் தட்டில் அதிக விலைக்குப் போவது அதுதான். மெதுவாக வளரும் உயிரி. முட்டையோடு பிடித்தால் அடுத்த தலைமுறையும் சேர்ந்து போகிறது. அதனால்தான் மத்திய அரசு 2003ல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை விதித்தது. பாறைச் சிங்கிக்கு 200 கிராம். ஆனால் அது கப்பலேறும் சரக்குக்கான விதி. உள்ளூர்த் தட்டில் அதைவிடச் சின்னதாக ஒன்று கிடந்தால் தடுப்பது வாங்குபவரின் வாய்தான். குட்டி இறாலும் முட்டை இறாலும் வேண்டாம் என்று மேசையிலிருந்து நாலு குரல் வந்தால், மறுநாள் ஏலத்தில் அதை எடுக்க ஆள் யோசிப்பார்.

பிடிப்பதோடு வளர்ப்பதும் இந்தக் கரையில் நடக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கொடுவா மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து குஞ்சு எடுப்பதில் இந்தியாவில் முதல் வெற்றி 1997ல் அந்த நிறுவனத்துக்குத்தான் கிடைத்தது. இன்று உணவகத்தில் கொடுவா கேட்டால் வருவது கழியில் பிடித்ததாகவும் இருக்கலாம், பண்ணையில் வளர்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் நல்ல மீன்கள்தான். எது என்று சொல்லி விற்பதுதான் முறை.

இத்தனை கைகளும் நம்பியிருக்கும் மணலோ நிலையாக இல்லை. சுனாமி வந்தபோது கடல் உள்வாங்கிப் பாறைகளைக் காட்டிவிட்டுத் திரும்பியதையும், கரையோரக் கடைகளையும் படகுகளையும் வாரிப் போனதையும் குப்பத்தில் இன்றும் பேசுகிறார்கள். 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் படகு மேடேறும், பிறகு உணவக மேசைகள் உள்ளே போகும். கடல் கொந்தளிக்கும் நாள்களில் இரண்டு தொழிலுக்கும் வருமானம் ஒன்றாக நிற்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அரிப்பு கரையைத் தின்கிறது. படகு ஏற்ற இடம் குறுகக் குறுக, வலை காயப்போடும் மணலுக்கும் நாற்காலி போடும் மணலுக்கும் போட்டி வருகிறது. படகுக்கு இடம் போனால் உணவகத்துக்குப் பெயர் மட்டுமே மிஞ்சும். மீன் வேறெங்கிருந்தோ வர வேண்டியிருக்கும்.

அதனால் கரையோரம் சாப்பிடப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வதற்கு ஒன்று இருக்கிறது. அட்டையைப் புரட்டும் முன், "இன்னிக்கு இங்க என்ன மீன் பட்டுச்சுண்ணே?" என்று கேளுங்கள். வஞ்சிரமும் வவ்வாலும் இல்லாத நாள்கள் நிறைய உண்டு. கிழங்கானும் காரப்பொடியும் சுதும்பும் கவளையும் கூடை கூடையாக வந்து, உணவகத்துக்காரர் ஒருவரும் கேட்காமல் மலிவு விலைக்குப் போகும் நாள்கள் அவை. கிழங்கானை மெல்லிய மாவில் புரட்டி வறுத்தால் குழந்தைகள்கூட முள் பயமின்றிச் சாப்பிடலாம். கவளையை மாங்காய் போட்டு மண்சட்டியில் வைத்தால் அடுத்த நாள் காலைக்கும் நிற்கும். குப்பத்து வீடுகளில் தினமும் சமைப்பது இவற்றைத்தான். உணவகத்தின் வாசல் தட்டில் இவற்றுக்கும் ஓர் இடம் கிடைத்தால், ஏலத்தில் இவற்றுக்குக் கேட்பவர் ஒருவர் கூடுவார். அந்தக் கூடுதல் விலை நேராகப் படகுப் பங்கில் போய்ச் சேரும். மாமல்லபுரத்தில் ஓரிரு உணவகங்கள் அன்றன்று பட்ட மீனைச் சாக்கட்டியால் பலகையில் எழுதத் தொடங்கினால் போதும். முதலியார்குப்பத்திலிருந்து கோவளம் வரை மற்றவர்கள் பார்த்துப் பின்பற்ற நாளாகாது.