உத்திரமேரூர்ப் பெரியப்பா

உத்திரமேரூருக்குப் போகிறேன் என்றதும் எங்கள் காரியாலயத்தில் எல்லோரும் ஒரே குரலில், "குடவோலைக் கல்வெட்டா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்று சொல்லி வைத்தேன். அது பாதி உண்மைதான். மற்றப் பாதி என் பெரியப்பா. நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

செங்கற்பட்டு வரையில் மின்சார ரயில். அங்கிருந்து பஸ். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்துவிட்டால் நீங்கள் பாக்கியசாலி. இருபுறமும் வயல், நடுநடுவே ஏரிக்கரை. உத்திரமேரூர் ஏரியே பல்லவர் காலத்தது. வைரமேக தடாகம் என்று கம்பீரமான பெயர். ஊருக்குள் சுந்தரவரதப் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று தளங்களில் சேவை சாதிக்கிறார். படியேறிச் சேவிக்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். எனக்கு ஒத்துழைத்தது, கூட வந்த பெரியம்மா கீழேயே கும்பிட்டுவிட்டாள்.

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது கடந்துவிட்டது. ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது, இவர் மட்டும் ஹாக்கி, ஹாக்கி என்று உயிரை விடுவார். அதிலும் இந்தியா - பாகிஸ்தான் ஆட்டம் என்றால் வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம் என்பது பெரியம்மாவின் நாற்பது வருஷத்துப் புகார்.

வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு என்னை அழைத்துப் போனவர் அவர்தான். சுவரெல்லாம் எழுத்து. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம். நிற்கிறவனுக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்கவேண்டும். (நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை, சகோதரிகளே. அதைப் பற்றி இன்னொரு சமயம் சண்டை போடலாம்.) பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

"பார்த்தாயா, அம்மா? அந்தப் பையன்தான் அம்பயர்!" என்றார் பெரியப்பா. "அவனுக்கு இந்தக் கட்சியும் தெரியாது, அந்தக் கட்சியும் தெரியாது. நானும் முப்பது வருஷத்துக்கு மேல் விசில் ஊதியிருக்கிறேன். பிள்ளைகள் ஆட்டத்தில் ஒருநாளும் பக்கம் சாய்ந்ததில்லை. பாகிஸ்தான் ஆட்டத்தில் மட்டும் என்னால் நிமிர்ந்து நிற்க முடியாது."

மண்டபத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார். பிறகு அவரை நிறுத்துவது யார்?

"இது பங்காளிச் சண்டை. 1936-ல் பெர்லினில் தியான் சந்தோடு சேர்ந்து ஆடிய அலி தாரா, 1948-ல் பாகிஸ்தானுக்குக் காப்டன்! அதே 1948-ல் நமக்குத் தங்கம் வாங்கித் தந்த லத்தீப்-உர்-ரஹ்மானும் அக்தர் ஹுசேனும் 1956-ல் மெல்போர்னில் அந்தப் பக்கம். அந்த இறுதி ஆட்டத்தில் நாம் 1-0. 1928-லிருந்து ஆறு தங்கம் ஆயிற்று. 1960-ல் ரோமில் அவர்கள் 1-0. நம் கொட்டம் அடங்கிற்று. 1964-ல் டோக்கியோவில் மறுபடி நாம் 1-0. மூன்று ஒலிம்பிக், மூன்று இறுதி ஆட்டம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோல். அயலானிடம் தோற்றால் தூக்கம் வரும்; பங்காளியிடம் தோற்றால் வருமா?"

1975-ம் வருஷத்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம் கோலாலம்பூரில் நடந்தபோது பெரியப்பா வாலிபர். இந்த ஊரில் ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஜஸ்தேவ் சிங்கின் ஹிந்தி வர்ணனை. பெரியப்பாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை வராது!

"குரல் ஏறினால் நம் பந்து, இறங்கினால் அவர்கள் பந்து. அவ்வளவுதான் கணக்கு" என்று சிரித்தார். முதல் கோல் பாகிஸ்தானுக்கு. சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. நடுவர் கோல் என்றார். பாகிஸ்தான்காரர்கள் இல்லவே இல்லை என்றார்கள். 2-1. நம் தமிழ்நாட்டு வி. ஜே. பிலிப்ஸும் அந்த அணியில் இருந்தார். பெரியப்பா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தாராம்.

"அது கோல்தானா, பெரியப்பா?"

"கோல்தான். நான் காதால் கேட்டேனே!"

அந்தச் சிரிப்பு சட்டென்று அடங்கிற்று. கல்வெட்டில் ஒரு வரியைக் கையால் காட்டினார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் தேர்தலுக்கு நிற்கக்கூடாது என்ற விதி அது.

"எனக்கும் ஒரு கணக்கு நிற்கிறது, அம்மா. 1982. டில்லி ஆசிய விளையாட்டு. முதல் கோல் நாம் போட்டோம். அப்புறம் அவர்கள் ஏழு. 7-1. அன்றைக்கும் ரேடியோதான், அன்றைக்கும் ஹிந்திதான். மறுநாள் காலை டிரில் வகுப்பில் பையன்களை வரிசையாக நிறுத்தி, 'நம் கோல்காரன் நேகி பணம் வாங்கிவிட்டான்' என்று சொன்னேன். வாத்தியார் சொன்னால் பிள்ளைகளுக்கு அது வேதம் இல்லையா?"

நான் பேசாமல் இருந்தேன்.

"நான் பார்த்தேனா? இல்லை. ஊரெல்லாம் அப்படிப் பேசிற்று, நானும் பேசினேன். ஆதாரம் ஒன்றும் கிடையாது. நம் தடுப்பு ஆட்டக்காரர்கள் முன்னேறிப் போய்விட்டால், கோல்காரன் தன்னந்தனியாக என்ன செய்வான்? அதோடு மீர் ரஞ்சன் நேகிக்கு அணியில் இடம் போயிற்று. துரோகி என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு எத்தனை வருஷம் இருந்தார்! 2002-ல் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் தங்கம் வாங்கியபோது அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர்களில் அவரும் ஒருவர். 2007-ல் 'சக் தே இந்தியா' படம் வந்தபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. உன் பெரியம்மாவைக் கேள்."

கேட்டேன். "சாப்பிடவில்லைதான். பாயசம் வைத்திருந்தேன், வீணாய்ப் போயிற்று" என்றாள் பெரியம்மா. அவளுடைய வருத்தம் வேறு!

2023 ஆகஸ்ட் 9-ம் தேதி எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக இரண்டு அணிகளும் மோதியபோது, பெரியப்பா பஸ் ஏறிச் சென்னைக்கு வந்துவிட்டார். ஹர்மன்பிரீத் சிங் இரண்டு கோல், மொத்தம் 4-0. அரங்கமே ஆடிற்று. என் பக்கத்தில் பெரியப்பா கைதட்டினார். ஆனால் எழுந்து குதிக்கவில்லை. மறு மாதம் சீனாவில் 10-2 என்று ஜெயித்தபோது டெலிபோனில் கூப்பிட்டேன். "ஐயோ பாவம்!" என்றார்.

ரியோ, டோக்கியோ, பாரிஸ் - மூன்று ஒலிம்பிக்கிலும் பாகிஸ்தான் ஹாக்கி அணிக்கு இடமே கிடைக்கவில்லை. 2025-ல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கும் அவர்கள் வரவில்லை. பதிலாக ஓமான் வந்தது. "எதிர்வீட்டைப் பூட்டிவிட்டார்கள். இனி யாரிடம் சண்டை போடுவது?" என்று கேட்கிறார் பெரியப்பா.

சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்ற வந்தார். பஸ் நிலையத்தருகே ஒரு டீக்கடை. கல்லாவில் இருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர்; பெரியப்பாவைக் கண்டதும் பீடியை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். பழைய மாணவர். 1982-ல் அந்த வரிசையில் நின்ற பையன்களில் ஒருவர்.

பெரியப்பா டீயை வாங்கிக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார். அவர் வாய் திறப்பதற்குள்,

"நேகி நல்லவர்தான், சார்! போன வாரமும் சொன்னீங்க" என்றார் கடைக்காரர்.