வீட்டில்தான் தறி இருக்கவேண்டும்

லூயிஸ், ஹாரிஸ் என்று இரண்டு தீவுகளைப் போலப் பெயர் சொல்கிறார்கள், நிலம் ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் காற்றுக்கு மார்பைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. வடக்கே லூயிஸ் பெரும்பாலும் சதுப்பு. தெற்கே ஹாரிஸில் 300 கோடி ஆண்டுப் பழமையான பாறை. மரம் அரிது. பயிரை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்த முடியாது. ஆடு, மீன், தறி என்று எல்லாவற்றிலும் கை வைத்துத்தான் பிழைத்திருக்கிறார்கள்.

மேற்குக் கரை ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கும். உள்ளே தறி. நான் பார்த்தது இரட்டை அகலத் தறி. ஒன்றரை மீட்டர் அகலத் துணி நெய்யும். மோட்டார் கிடையாது. நெசவாளர் உட்கார்ந்து சைக்கிள் மிதிப்பதுபோல் மிதிக்கிறார், அந்த விசையில்தான் ஊடை ஓடுகிறது. முதல் உலகப்போருக்குப் பிறகு வந்த ஹேட்டர்ஸ்லி தறிகள் இதில் பாதி அகலம். அவற்றையும் சிலர் இன்னும் விடவில்லை.

பாவு உருளையை மில் வேன் வாசலில் இறக்கிவிட்டுப் போகும். பழைய பாவின் வாலோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கவேண்டும். சிறிய தறிக்கே சுமார் 700 முடிச்சு. “பிணைக்கிறதுதான் பாடு. நெய்யறது அது பாட்டுக்கு நடக்கும்” என்றார் அந்த நெசவாளர். விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

நூல் துண்டொன்றை முறுக்கவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். சற்றுமுன் வெறும் பழுப்பாகத் தெரிந்ததில் ஆரஞ்சும் நீலமும் பாசிப்பச்சையும் கொஞ்சம் ஊதாவும் இருந்தன. நூற்ற பிறகு சாயம் போடுவதில்லை. கம்பளியாக இருக்கும்போதே தனித்தனியாகச் சாயமேற்றி, கலந்து, அப்புறம்தான் நூற்கிறார்கள். முன்பு பாறையில் படிந்த பாசியைச் சுரண்டி வேகவைத்துச் செம்பழுப்பு எடுத்தார்கள். நெய்த துணியைச் சிறுநீரில் ஊறப்போட்டு, பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, கேலிக் மொழியில் பாடிக்கொண்டே அடித்து இறுக்குவார்கள். இன்று அந்த வேலை முழுக்க மில்லில் நடக்கிறது.

1840களில் ஹாரிஸ் நிலவுடைமையாளரின் விதவை டன்மோர் சீமாட்டி, தன் பிரபு வட்டத்தில் இந்தத் துணியைப் பரப்பினார். பெயர் பெருகியதும் போலியும் வந்தது. அதனால் சிலுவை சூடிய கோள முத்திரை 1910இல் பதிவானது. 1993இல் பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது: புதுக் கம்பளியை, லூயிஸும் ஹாரிஸும் அடங்கிய வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயமேற்றி நூற்கவேண்டும், தீவுக்காரர் தம் வீட்டில் கையால் நெய்யவேண்டும், இறுதிப் பதமும் அங்கேயே நடக்கவேண்டும். ஆடு எங்கே மேய்ந்தது என்று சட்டம் கேட்பதில்லை. கம்பளியில் பெரும்பகுதி பெருநிலத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் தறி வீட்டைவிட்டு நகரக்கூடாது. இந்தச் சட்டத்தின் உயிர் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. தறிகளை ஒரே கூரையின்கீழ் சேர்த்துவிட அனுமதித்திருந்தால் மிஞ்சுவது ஒரு தொழிற்சாலை. சுற்றியுள்ள ஊர்கள் காலியாகியிருக்கும்.

சட்டம் துணியைக் காக்கும், ஆர்டரைக் கொண்டுவராது. 1966இல் சுமார் 76 லட்சம் கெஜம் நெய்த தீவு, பிறகு படிப்படியாகச் சரிந்தது. 2006இல் தீவின் ஸ்டோர்னோவே நகரிலுள்ள பெரிய மில்லை வாங்கிய யார்க்‌ஷயர் முதலாளி, ஆயிரக்கணக்கான டிசைன்களை நான்காகச் சுருக்கினார். பல கொட்டகைகள் பூட்டப்பட்டன. மறு ஆண்டு ஷாபோஸ்ட் ஊர் மில் மீண்டும் இயங்கத் தொடங்கிய பிறகே மூச்சு வந்தது. நூல் மில்லுடையது, டிசைனும் மில்லுடையது. மிதிக்கும் கால் மட்டும் நெசவாளருடையது என்ற நிலை எனக்கு உறுத்துகிறது. நல்லவேளை, சொந்தமாக நூல் வாங்கி, சொந்த டிசைனில் நெய்து, கொட்டகை வாசலிலேயே விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் துணியை மில்லுக்கு அனுப்பி, துவைத்து, இறுக்கி, பரிசோதனையில் தேறி, முத்திரை வாங்கியாகவேண்டும். அதற்குப் பிறகுதான் அதற்கு ஹாரிஸ் ட்வீட் என்று பெயர்.