சோலோவுக்குக் கீழே

போன மாதம் கடைசிக் கிற்றார் மாணவனையும் அனுப்பிவிட்டேன். விரல் மூட்டுகள் இனி ஒத்துழைக்காது. போகும்போது அவன் கேட்டதுதான் இன்னும் உறைக்கிறது. “அண்ணை, சோலோவுக்குக் கீழை வெறுமையாய்க் கிடக்கு. லூப்பரிலை கோர்ட்ஸைப் போட்டு ஓடவிட்டால் என்ன?”

இத்தனைக்கும் அவனுக்கு அப்போதுதான் ஜாஸ் கிற்றார்காரர் ஜிம் ஹோலின் ‘ஜிம் ஹோல் லைவ்!’ இசைத்தட்டைப் போட்டுக் காட்டியிருந்தேன். 1975 யூன் மாதம், இதே ரொறன்ரோவில், குவீன் வீதி மேற்கில் இருந்த பூர்பன் ஸ்ட்ரீட் கிளப்பில் வாசித்தது. பேஸ் டொன் தொம்சன், ட்ரம்ஸ் ரெரி கிளார்க். ஒலிப்பதிவு செய்தவரும் தொம்சனே. ஐந்தே பாட்டு.

கிற்றார் ட்ரயோ எல்லாம் ஒன்றல்ல. வெஸ் மொன்ட்கோமரியின் 1959 ட்ரயோவில் ஓர்கன் உண்டு. ஹோலின் 1957 இசைத்தட்டில் பியானோ உண்டு, ட்ரம்ஸ் இல்லை. பூர்பன் ஸ்ட்ரீட் ட்ரயோவில் கோர்ட்டைத் தாங்கிப்பிடிக்க அப்படி ஒன்றும் இல்லை.

அந்தப் பள்ளத்தை நிரப்பியே பல வருடம் வீணாக்கினேன். சோலோ தொடங்கி இரண்டு பார் போனதும் கை பயத்தில் கோர்ட்டுக்கு ஓடும். எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு பேஸ்காரர், முன்கோபி. ஒருநாள் என் கிற்றாரை வாங்கி நான்கு தந்திகளைக் கழற்றிவிட்டார். மிஞ்சியவை மூன்றாவதும் நான்காவதும். கோர்ட்டின் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் மட்டும். வேர்ச்சுரம் அவருடைய பாடு. மூன்று மாதம் ‘ரிதம் சேஞ்சஸ்’ கோர்ட் வரிசை இப்படியே போனது. ஒரு சுரம் கூடினாலும் பேஸைச் சாய்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். நான் தனியே நிற்பேன். அவமானமாக இருக்கும்.

பிறகுதான் ‘ஜிம் ஹோல் லைவ்!’ எனக்குக் கேட்கத் தொடங்கியது. ஹோல் ஒரு வரியை வாசித்துவிட்டு விலகிக்கொள்வார். கோர்ட் எது என்று தொம்சனின் விரல் சொல்லும். ஹோல் அம்பிளிபையரையும் தணித்தே வைப்பார், தந்தியில் பிக் படுவது கேட்கட்டும் என்று. இன்றைய பிள்ளைகளின் காலடியில் ஐந்து பெடல். லூப்பர் பதிந்ததையே திரும்பத் திரும்ப ஓட்டும், பிடித்த பிடியை விடாது. கிளார்க் போன்ற ஒருவர் தாளத்தைச் சற்றே இழுத்தால் அது என்ன செய்யும்? உணவகக்காரரும் மூன்று பேருக்கு ஏன் காசு, ஒரு மடிக்கணினி போதாதா என்கிறார்.

மாணவன் தன் லூப்பரை இங்கே மறந்துவிட்டுப் போயிருக்கிறான். எடுக்க வரும்போது கிற்றாரையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நான்கு தந்தி கழற்ற வேண்டியிருக்கிறது.